அடுப்புக்காரி பிள்ளைக்கு ஒரு பெயர்

வட இங்கிலாந்தின் ஹெல்த்வைட் கிராமத்தில் யார் வீட்டு ரொட்டியானாலும் வெந்தது ஒரே அடுப்பில்தான். புதன்கிழமையும் சனிக்கிழமையும் பெண்கள் பிசைந்த மாவைத் துணி போட்டு மூடி, இடுப்பில் ஏந்திக்கொண்டு சரிவில் இறங்கி வருவார்கள். மாவின் தலையில் அவரவர் வீட்டு அடையாளம் கீறியிருக்கும். ஒருத்திக்குச் சிலுவை, ஒருத்திக்குக் கோழிக்கால், ஒருத்திக்கு மூன்று குத்து. அதை வாங்கி அடுப்புக்குள் தள்ளி, எதை நடுவில் வைப்பது, எதை மூலையில் ஒதுக்குவது என்று பார்த்துப் பார்த்து, கருகாமல் எடுத்துக் கொடுப்பவள் திர்ஸா அல்டர்சன். அடுப்பு அவளுடையது அல்ல. அடுப்புக்கூடம், அதன் மேலிருந்த அறை, ஆற்றோரத்து மாவு மில், ஊரில் பாதிக் குடிசைகள் எல்லாமே அம்ப்ரோஸ் பாக்ஸ்டருக்குச் சொந்தம்.

அந்தப் பெயரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறகு எரிச்சலில் மறந்து போகும். பாக்ஸ்டர் என்றால் இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சில் ரொட்டி சுடுகிறவள். சுடுகிறவன் இல்லை, சுடுகிறவள். எந்தக் காலத்திலோ இதே மாதிரி ஓர் அடுப்பின் முன்னால் ஒருத்தி நின்று வெந்திருக்கிறாள். ஊர் அவளை அவள் வேலையைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் பெற்ற பிள்ளையையும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பிள்ளையின் பிள்ளைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அப்புறம் அந்த வம்சத்து ஆம்பிளைகள் மில் வாங்கினார்கள், நிலம் வாங்கினார்கள், தேவாலயத்தில் முதல் பெஞ்சைப் பிடித்து அதன் கதவில் பெயரைச் செதுக்கி வைத்தார்கள். அந்த வீட்டில் மாவில் கை வைத்த ஆளைப் பார்த்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் ஊரின் வயதான பெண்கள் மட்டும், அடுப்பில் யார் நிற்கிறாளோ அவளைத்தான் பழைய வழக்கப்படி பாக்ஸ்டர் என்பார்கள். "என்ன பாக்ஸ்டரு, சூடு ஏறிடுச்சா?" என்று திர்ஸாவைக் கேட்பார்கள். அம்ப்ரோஸ் காதில் அது விழுந்தால் முகம் சுண்டிப் போகும்.

திர்ஸா இந்த ஊருக்கு வந்தது சிறுமியாக. அப்பன் ஈயச் சுரங்கத்தில் போய்விட்டான், அம்மா அதற்கு முன்பே. வேலைக்கு ஆள் எடுக்கும் நவம்பர் மாதச் சந்தையில் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றவளைத் தேர்ந்தெடுத்தவள் அம்ப்ரோஸின் மனைவி லெட்டிஸ். முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள். "இது தாங்கும்," என்றாள். பழைய அடுப்புக்காரிக்குத் தோள் விழுந்ததும் ரொட்டியை உள்ளே தள்ளும் நீளத் துடுப்பு திர்ஸா கைக்கு வந்தது. நன்றாகத்தான் வேலை செய்தாள். வாயும் நன்றாக வேலை செய்தது. "என்னக்கா, உன் மாவு உன் புருஷனாட்டம் இருக்கு, தட்டித் தட்டி எழுப்பணும் போல," என்று அவள் சொன்னால் கூடமே சிரிக்கும்.

மேலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. வந்த வருஷத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்குத் தாழ்ப்பாள்? என் கூரைக்குக் கீழ திருடன் வந்துடுவானா?" என்று அம்ப்ரோஸ் சொல்வான்.

வந்தவன் அவன்தான். மே மாதத்தில், மனைவி குழந்தைகளோடு தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திர்ஸாவும் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? அவன் கொடுத்த கூரை, அவன் கொடுத்த அடுப்பு, அவன் கொடுத்த சோறு.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் அம்ப்ரோஸே ஒரு கதை கட்டிவிட்டான். வைக்கோல் அறுக்க வந்த அயர்லாந்துக்காரன் எவனோ கெடுத்துவிட்டுப் போய்விட்டானாம், பாவம், போனால் போகிறது, நல்ல வேலைக்காரி என்று தான் துரத்தாமல் வைத்திருக்கிறானாம். அயர்லாந்துக்காரர்கள் அரிவாளோடு வருவது ஜூலையில். பிள்ளை பிறந்தது பிப்ரவரியில், கொழுகொழுவென்று, நிறை மாதத்துப் பிள்ளையாக. விரல் விட்டு எண்ணத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் கணக்கு உதைத்திருக்கும். உதைத்தது. ஆனால் வாயைத் திறந்தால் குடிசை போகும், மாவு வேகாது. ஆகவே ஊர் மொத்தமும் ஜூலைக்கும் பிப்ரவரிக்கும் இடையே ஒன்பது மாதம் இருப்பதாகவே நடந்துகொண்டது.

முன்பெல்லாம் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அப்பன் யார் என்று தாயிடம் சத்தியம் வாங்கி அவன் தலையில் செலவைக் கட்டுவார்கள். சில வருஷம் முன்பு வந்த புதுச் சட்டம் அதையும் பிடுங்கிக்கொண்டது. பெற்றவள் பாடு, பெற்றவளோடு. சட்டம் எழுதினவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி. நல்ல குடும்பங்களில் தாய்வீட்டுப் பெயர் அழியக் கூடாது என்று அதைப் பிள்ளைக்கு முதல் பெயராக வைப்பது உண்டு. அது பெருமைக்கு. ஏமாற்றப்பட்ட பெண்களும் அதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பனின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு முதல் பெயராக வைத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஸ்பென்சர் என்ற முதல் பெயரோடு ஒரு கல்லுடைப்பவன் இருந்தான். ஸ்பென்சர் குடும்பத்தின் வாசற்படியை அவன் மிதித்ததே கிடையாது. ஆனால் அவன் யார் மகன் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திர்ஸா தன் பிள்ளைக்குப் பாக்ஸ்டர் என்று வைக்கத் தீர்மானித்துவிட்டாள். சொத்துக்காக இல்லை. அம்ப்ரோஸுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் ஆக்னஸுக்கு நாலு வயது, சின்னவள் இப்போதுதான் நடக்கிறாள். இந்தப் பையன் இதே ஊரில், இதே சந்தையில், இதே நடனக் கூட்டத்தில் வளரப் போகிறான். யார் கையைப் பிடிக்கக் கூடாது என்று அவனுக்கும் தெரிய வேண்டும், அந்தப் பெண்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆனால் தேவாலயத்தில் தாய்க்கு வாய் கிடையாது. ஞானஸ்நானத் தொட்டியருகே பாதிரியார் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்குப் பெயர் சொல்லுங்கள்," என்பார். சொல்ல வேண்டியவர்கள் ஞானப் பெற்றோர். அவர்கள் வாயிலிருந்து எது வருகிறதோ அதையே அவரும் சொல்லித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியது ஊற்றியதுதான், மாற்ற முடியாது. பெற்றவள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஞானத்தகப்பன்மாராக நிற்க மணியடிப்பவனும் குழி வெட்டுபவனும் இருந்தார்கள். நாதியற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அவர்கள்தான் நிற்பது. பிள்ளையைத் தூக்கி நின்று பெயரைச் சொல்வது ஞானத்தாய். அதற்குப் பக்கத்துக் குடிசைக்காரி பெகி ரா ஒப்புக்கொண்டிருந்தாள். என்ன பெயர் என்பது எப்படியோ அம்ப்ரோஸ் காதுக்கும் போய்விட்டது.

வியாழக்கிழமை பெகி வந்தாள். உள்ளே வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றாள்.

"திர்ஸா, என்னால நிக்க முடியாதுடி."

"ஏன்க்கா? வாக்கு குடுத்தியே."

"குடுத்தேன். வாக்கை வச்சுக்கிட்டு நான் என் ஆறு பிள்ளையையும் எங்க படுக்க வைக்கிறது? அவர் ஆள் வந்துட்டுப் போனான். 'கூரை ஓட்டையாமே பெகி, எசமான் இடிச்சுட்டுக் கட்டலாமான்னு யோசிக்கிறாரு'ன்னான். என் கூரையில ஓட்டையே இல்லடி."

"வேற யாராச்சும்..."

"எல்லாத்து வீட்டுக் கூரையிலயும் இன்னிக்கு ஓட்டைதான். என்னைத் திட்டிக்கோ, வாங்கிக்கிறேன்."

திர்ஸா திட்டவில்லை. திட்டியிருந்தால் பெகிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அம்ப்ரோஸே வந்தான். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு. தொட்டிலைப் பார்க்கவில்லை. அடுப்பு வாயில் கை நீட்டிக் குளிர் காய்ந்தபடி பேசினான்.

"ஞானத்தாயா நிக்க எவளும் வரலையாமே."

"எப்படி வருவாங்க எசமான்?"

"பாதிரியார் கேட்டாரு. பாவம் ஒரு பிள்ளை ஞானஸ்நானம் இல்லாம கெடக்கலாமா? அதான் சொல்லிட்டேன், என் சம்சாரமே நிப்பா. ஜான்னு பேரு. நல்ல பேரு, சுவிசேஷத்துல உள்ள பேரு."

அவன் திரும்பினான்.

"வேற ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சுன்னு வை, பொழுது சாயறதுக்குள்ள மேல உள்ள அறை காலி ஆகணும். ஏழைங்க விடுதி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும். பால் மறக்கிற வரைக்கும்தான் பிள்ளையைக் கையில குடுப்பாங்க. அப்புறம் அது ஒரு கூடம், நீ ஒரு கூடம்."

போய்விட்டான். கெட்டிக்காரத்தனமான வேலை, இல்லை என்று சொல்ல முடியாது. புருஷனின் கள்ளப் பிள்ளையை எந்தப் பெண்டாட்டியாவது ஏந்தி நிற்பாளா? லெட்டிஸ் நின்றாலே ஊர்ப் பேச்சு அடங்கிவிடும். பெயரைச் சொல்லும் வாயும் தன் வீட்டு வாயாகிவிடும். கல்யாணமான நாள் முதல் அந்த வாய் அவன் பேச்சை மறுத்ததில்லை. அவன் செய்த ஒரே தப்பு, மறுக்காததை ஒப்புக்கொண்டதாக நினைத்தது.

சனிக்கிழமை ரொட்டிகள் எல்லாம் போன பிறகு, பாக்ஸ்டர் வீட்டு மாவு மட்டும் உள்ளே இருந்தபோது, லெட்டிஸ் வந்தாள். அவள் அடுப்புக்கூடத்துக்குள் கால் வைத்து வருஷக்கணக்காகிறது.

"நாளைக்கு நான் தூக்கணுமாம். கனம் பாக்க வந்தேன்," என்றாள்.

திர்ஸா பிள்ளையை எடுத்துக் கொடுத்தாள். லெட்டிஸ் பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். நெற்றியை, காதை, மறுபடி நெற்றியை. எதையும் காட்டாத முகம் அது.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் இவள் நேராகப் போய்ப் புருஷனிடம் சொல்லலாம். இன்றைக்கே தெருவில் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் நாளை ஜான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அதை இவள் காது தாங்காது என்று மட்டும் தோன்றியது.

"அம்மா, உங்களுக்கு ரெண்டு பொண்ணு," என்றாள்.

லெட்டிஸ் நிமிர்ந்தாள்.

"இவன் இந்த ஊர்லதான் வளருவான். உங்க பொண்ணுங்க போற சந்தைக்குத்தான் இவனும் போவான். இருபது வயசுல எல்லாப் பையனும் ஒரு பொண்ணைப் பாப்பான். யாரைப் பாக்கக் கூடாதுன்னு இவனுக்கு யாராச்சும் சொல்லி வைக்கணும்ல, அம்மா? நான் அதுவரைக்கும் உசுரோட இருப்பேனோ என்னமோ. பேரு இருக்கும்."

அடுப்புக்குள் ஏதோ வெடித்தது. லெட்டிஸ் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"ரொட்டி கருகுது, பாரு," என்றாள். போய்விட்டாள்.

உண்மைதான். அத்தனை வருஷத்தில் திர்ஸா கருகவிட்ட முதல் ரொட்டி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிறைந்திருந்தது. சாதாரணமாகத் தலைவலி வந்து படுத்துவிடுகிற ஆட்களுக்கெல்லாம் அன்றைக்குத் தலை தெளிந்திருந்தது. திர்ஸா கடைசிப் பெஞ்சில் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் பெஞ்சில் அம்ப்ரோஸ் நீலக் கோட்டும் நிமிர்ந்த முதுகுமாக இருந்தான். இரண்டாம் வாசகம் முடிந்ததும் பாதிரியார் ஹார்ட்லி இறங்கிப் பின்வாசல் பக்கமிருந்த தொட்டியருகே வந்தார். லெட்டிஸ் பிள்ளையோடு எழுந்து நடந்தாள். அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பின் பெஞ்சைக் கடக்கும்போது அவள் திர்ஸா பக்கம் திரும்பவே இல்லை. அதோடு தீர்ந்தது என்று திர்ஸாவுக்குத் தோன்றிவிட்டது. ஜான், ஜான் என்று மனசுக்குள் சொல்லிப் பழகிப் பார்த்தாள்.

கேள்விகள் நடந்தன. சாத்தானையும் அவன் கிரியைகளையும் வெறுக்கிறீர்களா? மணியடிப்பவன் வெறுத்தான், குழி வெட்டுபவன் வெறுத்தான், லெட்டிஸ் மெதுவான குரலில் வெறுத்தாள். பாதிரியார் பிள்ளையைக் கையில் வாங்கினார்.

"இந்தப் பிள்ளைக்குப் பெயர் சொல்லுங்கள்."

"பாக்ஸ்டர்," என்றாள் லெட்டிஸ்.

பாதிரியார் புன்னகைத்தார், குழந்தைக்குச் சொல்வது போல. "அம்மா, நான் பிள்ளையோட பேரைக் கேட்டேன்."

"அதைத்தான் சொன்னேன்."

முதல் பெஞ்சுக் கதவு படாரென்று திறந்தது. அம்ப்ரோஸ் எழுந்து நின்றான். ஓர் அடி வெளியே வைத்தான். பாதிரியார் அவனைப் பார்த்தார். அவருடைய வீட்டு மாவும் அவன் மில்லிலிருந்துதான் வந்தது. தண்ணீரில் நனைந்த கை அப்படியே நின்றது. ஊரே அம்ப்ரோஸின் வாயைப் பார்த்தது. என்ன சொல்வான்? அந்தப் பெயரை வைக்காதே என்று எதைச் சொல்லித் தடுப்பான்? தடுக்கிற வார்த்தை ஒவ்வொன்றும் ஒப்புக்கொள்கிற வார்த்தை ஆயிற்றே.

"ஐயா," என்றாள் லெட்டிஸ், புருஷன் பக்கம் திரும்பாமல், "ஞானப் பெத்தவங்க சொல்ற பேரைத்தான் சொல்லணும்னு உங்க புஸ்தகத்துல இருக்கு. தண்ணி உறையறதுக்குள்ள ஊத்துங்க."

ஹார்ட்லி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "பாக்ஸ்டர்," என்று தொடங்கினார். தண்ணீர் விழுந்ததும் பிள்ளை வீறிட்டது. அம்ப்ரோஸ் உட்கார்ந்தான். திர்ஸா தூணைக் கட்டிக்கொண்டு, வாயில் சால்வையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

வெளி வாசலில் லெட்டிஸ் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். திர்ஸா வாயைத் திறந்தாள்.

"நன்றி கின்றின்னு சொன்னேன்னா அறைஞ்சிடுவேன்," என்றாள் லெட்டிஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "உனக்காகச் சொல்லல. உன் மூஞ்சியைப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. நேத்து ராத்திரி பூரா என் பொண்ணுங்க தூங்குறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்." பிறகு படியிறங்கி, காத்திருக்காமல் முன்னே போய்விட்ட புருஷனுக்குப் பின்னால் தனியாக நடந்தாள். அந்த வீட்டுக் கதவு மூடிய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்த வேலைக்காரியும் சொல்லவில்லை.

திர்ஸா துணிமணியை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்ந்தது, யாரும் வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைதான் விஷயம் தெரிந்தது. அம்ப்ரோஸ் அவளைத் துரத்தப் போவதில்லை. துரத்தினால் ஏன் என்று ஊர் கேட்கும். அவளிடம் மாவு கொண்டுபோகிறவர்கள் தன் குடிசையில் இருக்க வேண்டாம் என்று மட்டும் ஆள் விட்டிருந்தான். வேலை இல்லாத அடுப்புக்காரி எத்தனை நாள் இருப்பாள்? தானாகப் போவாள்.

புதன்கிழமை விடிந்ததும் திர்ஸா அடுப்பை மூட்டினாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. விறகு எரிந்து தணிந்தது, சாம்பலை வாரித் தள்ளினாள், ஈரத் துணியால் தளத்தைத் துடைத்தாள். ஒருத்தியும் வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தாள். சரிவின் மேலே, வேலியோரமாக, பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். இடுப்பில் மாவு இருந்தது. மாவு பொங்கி வழியப் போகிறது. இறங்கவும் பயம், திரும்பிப் போகவும் மனசில்லை. பெகி ரா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சூடு வீணாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எந்த ரொட்டியும் வேகாது, நாளைக்கு அவளும் இருக்க மாட்டாள்.

கூட்டம் விலகியது. லெட்டிஸ் இறங்கி வந்தாள். வேலைக்காரியை அனுப்பவில்லை, மாவுப் பாத்திரத்தைத் தானே ஒரு கையில் அணைத்திருந்தாள். இன்னொரு கையில் ஆக்னஸ். லெட்டிஸின் ஒரு கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. அதை மறைக்க அவள் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

பாத்திரத்தைத் திர்ஸாவின் முன்னால் வைத்தாள். "நல்லா வேகட்டும். போன தடவை கருக்கிட்டே," என்றாள்.

பிறகு மகளைத் தொட்டிலருகே இழுத்து நிறுத்தினாள். கதவு திறந்திருந்தது. மேலே இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசினாள்.

"நல்லாப் பாத்துக்க, ஆக்னஸ். இவன் பேரு பாக்ஸ்டர். இவன் உன் தம்பி."

குழந்தை எட்டிப் பார்த்தது. ஒரு விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டது. "நம்ம வீட்டுக்கு வருவானா?"

"வரமாட்டான்."

"அப்ப நான் வந்து பாக்கலாமா?"

லெட்டிஸுக்கு முதல் தடவையாகக் குரல் உடைந்தது. "புதன்கிழமை, சனிக்கிழமை," என்றாள். "மாவு கொண்டாரப்போ."

திர்ஸாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மாவைத் துடுப்பில் ஏற்றினாள். சரிவில் காலடிச் சத்தம் கேட்டது, முதலில் ஒருத்தி, பிறகு எல்லாரும்.